பொட்டு வைத்த நிலநடுக்கமானி

டில்லிபாபு அண்ணாச்சியைப் போல இயந்திரத்துக்கு மரியாதை கொடுக்கிற மனுஷனை நான் பார்த்ததில்லை. மண்ணூரில் அவர் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன். தென்காசிப் பக்கத்துக்காரி, பெயர் இசக்கிசெல்வி, போன் கம்பெனியில் லைன் வேலை. அண்ணாச்சிக்கு ஒரகடத்தில், தகட்டை அடித்துக் கார் கதவு செய்கிற கம்பெனியில் மெயின்டனன்ஸ். அங்கே எந்த மிஷின் மீதாவது கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். கல்யாண நாளை மறந்து பொண்டாட்டியிடம் திட்டு வாங்குவார், மிக்ஸிக்குப் பொட்டு வைக்க மறக்க மாட்டார். அந்தப் பழக்கம்தான் காரியத்தைக் கெடுத்தது.

அடுத்த வீட்டில் அவருடைய அண்ணி செந்தாமரை அக்கா தனியாக இருந்தார். அண்ணன் இறந்து சில வருஷமாகிறது. தரைக்கு அடியில் தொம்மென்று ஏதோ இடிக்கிறது, அலமாரியில் பாத்திரம் கிணுகிணுக்கிறது என்று அக்கா சொல்ல ஆரம்பித்தார். லாரி போகிறது என்றார்கள், கம்பெனி மிஷின் அடிக்கிறது என்றார்கள். "லாரி இன்னான்னு எனக்குத் தெரியாதா? இது கீழேருந்து வருது" என்பார். தாம்பரத்தில் இருக்கும் மகன் மோகனுக்குப் பொறுமை போய்விட்டது. வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் மனநல டாக்டரிடம் காட்டப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

அக்கா சளைக்கவில்லை. ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். கடைசியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து இராமச்சந்திரன் சார் வந்து, அண்ணாச்சி வீட்டுப் பின்பக்கத்து மோட்டார் ரூமில் குழி எடுத்து நிலநடுக்கமானியை வைத்தார். குக்கர் அளவுகூட இல்லை. இதுவா கண்டுபிடிக்கப் போகிறது என்று நான் கேட்டே விட்டேன்.

சார் சிரித்தார். "இதோட காதுல குறை இல்லம்மா. சென்னைக் கடல் அலை கரையில மோதுறதுகூட இதுல பதியும். சுத்தி இருக்கிற கூச்சல்தான் பிரச்சனை. சின்ன நில அதிர்வு எப்படித் துடிக்குமோ, கிட்டத்தட்ட அதே மாதிரிதான் இங்க மிஷினும் லாரியும் தரையை ஆட்டுது. இன்னும் கூர்மையா வெச்சா அந்தக் கூச்சலும் சேர்ந்துதான் பெருசாகும். சந்தைக்கு நடுவுல நின்னு ஒருத்தர் முணுமுணுக்கிறதைக் கேக்கிற மாதிரி."

"அப்ப என்னதான் சார் வழி?"

"ஆழமாத் துளை போட்டு இறக்கலாம், அதுக்கு வசதி இல்ல. இல்லன்னா ஊரே ஒருநாள் வாயை மூடணும்."

இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமைகூட ஷிப்ட் ஓடும். ஆயுத பூஜைக்கு எல்லாம் நிற்கும் என்று அண்ணாச்சி சொன்னார். சாருக்கு ஒரே சந்தோஷம். அன்று மட்டும் யாரும் அதன் பக்கத்தில் போகக்கூடாது என்றார். மோகனும் இறங்கி வந்தான். அன்றைக்கும் ஒன்றும் பதியவில்லை என்றால் அம்மா மறுபேச்சுப் பேசாமல் அவனோடு கிளம்ப வேண்டும். அக்கா சரி என்றார்.

ஆயுத பூஜையன்று ஊர் அப்படியே அடங்கிக் கிடந்தது. நான் படியில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தேன். செந்தாமரை அக்கா தெருவுக்கே ஓடிவந்தார்.

"டில்லி! வந்துச்சு டில்லி! இன்னிக்கு லாரியும் இல்ல, கம்பெனியும் இல்ல. மாட்டிக்கிச்சு பா!"

எனக்கு எந்த அதிர்வும் தெரியவில்லை. ஆனால் அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்து நானும் சிரித்தேன். அண்ணாச்சி மோட்டார் ரூமிலிருந்து வெளியே வந்தார். விரலில் சந்தனம். முகத்தில் ரத்தமே இல்லை.

நடந்தது இதுதான். கரண்ட் ஓடுகிற மிஷினுக்குப் பொட்டு வைக்கக்கூடாது என்பது அவர் கம்பெனிச் சட்டம். முதலில் மெயினை அணைக்க வேண்டும், அப்புறம்தான் சந்தனம். எல்லா மிஷினுக்கும் பூஜை நடக்கும்போது, அண்ணியைக் காப்பாற்றப் போகிற மிஷினை மட்டும் அநாதையாக விடுவதா என்று நினைத்திருக்கிறார் மனுஷன். பூனை மாதிரி வெறுங்காலோடு போய், பேட்டரி ஒயரைக் கழற்றி, பொட்டு வைத்துச் சூடம் காட்டியிருக்கிறார். கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அக்காவின் குரல் கேட்டிருக்கிறது. அடப்பாவி மனுஷா!

சார் வந்து பார்த்தபோது சரியாக அந்த நேரத்துக்குப் பதிவே இல்லை. "கரண்ட்டு போய்டுச்சு சார், பேட்டரியும் வீக்கு" என்று அண்ணாச்சி வாய்கூசாமல் சொல்லிவிட்டார். மற்ற ஊர்க் கருவிகளில் பார்க்கலாமே என்று அக்கா கெஞ்சினார். "அவ்வளவு தூரத்துக்கு இவ்வளவு சின்னது எட்டாதும்மா. வந்துச்சுன்னும் சொல்ல முடியாது, வரலைன்னும் சொல்ல முடியாது" என்றார் சார். மோகன் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தான்.

அதற்கப்புறம் அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணி வாசலைத் தாண்டாமல் பின்பக்கமாகவே வேலைக்குப் போய் வந்தார். ஒருநாள் மாடிப்படியில் உட்கார்ந்து என்னிடம் எல்லாவற்றையும் கொட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"ஒரு பொம்பளயப் பைத்தியக்காரி ஆக்கிட்டு இங்கன வந்து உக்காந்திருக்கீயளே அண்ணாச்சி! போய்ச் சொல்லுங்க!"

"அண்ணி மூஞ்சப் பாத்தா நாக்கு ஒட்டிக்கினு வரமாட்டேங்குதும்மா. நான் பாவி."

அக்காவைக் கூட்டிப்போக வண்டி வந்த அன்று நான்தான் அவரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனேன். எல்லார் முன்னாலும், ஒயரைக் கழற்றியதும் பொய் சொன்னதுமாக ஒன்றுவிடாமல் சொல்லி அழுதார்.

"சித்தப்பா, போதும்" என்றான் மோகன். "அம்மாவ சமாதானப்படுத்துறேன்னு நீங்க வேற கதை கட்டாதீங்க."

"கதை இல்ல, நெசந்தான்" என்று நான் கத்தினேன். அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

செந்தாமரை அக்கா முந்தானையால் கொழுந்தனாரின் கண்ணைத் துடைத்தார். "எனக்காக நீ பொய் சொல்ல வேணாம் டில்லி. அன்னிக்கு ஊர்ல வேற யாருக்கும் ஒண்ணும் கேக்கல. எனக்கு மட்டும்தான் கேட்டுது. மோகன் சொல்றதுதான் சரி போல கீது. எனக்குத்தான் இன்னாவோ ஆயிடுச்சு. டாக்டராண்ட போறேன் பா."

அவர் தானாகவே வண்டியில் ஏறிக்கொண்டார். வண்டி தெருமுனை திரும்பும்வரை "நெசம் அண்ணி, நெசம்" என்று அண்ணாச்சி சொல்லிக்கொண்டே நின்றார்.