பலகைத் தடுப்பைத் தாண்டி வந்த கைதட்டல்

1984இல் மலேசியாவில், ஜெராமுக்கு அருகில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குக் கணிதம் கற்பித்தேன். கணக்கென்றால் நான்தான் என்று பெயர். அந்த மார்ச் மாதம் நான்காம் வகுப்புக்குத் தற்காலிக ஆசிரியையாக ஓர் இளம்பெண் வந்தார். இரு வகுப்புகளுக்கும் நடுவே பலகைத் தடுப்பு மட்டுமே இருந்தது.

அவருடைய பிள்ளைகள் ஒன்றிலிருந்து உரக்க எண்ணுவார்கள். நான்கின் மடங்குக்குக் கைதட்டுவார்கள்; ஆறின் மடங்குக்குப் பலகைத் தரையை மிதிப்பார்கள். இடையிடையே சிரிப்பு. என் வகுப்பில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. ஓய்வு நேரத்தில் என் மாணவர்களே அவரைச் சுற்றி நின்றபோது எனக்கு வயிறு எரிந்தது. இந்தச் சத்தத்தைப் பற்றித் தலைமையாசிரியரிடம் புகார் செய்ய முடிவெடுத்தேன்.

அன்று கரும்பலகையில் நான்கையும் ஆறையும் எழுதி, முதல் பொது மடங்கைக் கேட்டேன். எப்போதும் வாய் திறக்காத சாந்தி எழுந்தாள்.

“பன்னெண்டு சார். அடுத்தது இருபத்து நாலு.”

“யாரு சொல்லிக் குடுத்தா?”

“யாருமில்ல சார். பக்கத்துல கைதட்டுறதும் மிதிக்கிறதும் அங்கதான் ஒண்ணா கேக்குது.”

மணி அடித்ததும் அந்த ஆசிரியையே என்னிடம் வந்தார். “சத்தம் ரொம்பவா சார்? நாளையிலிருந்து கொறச்சிக்கிறோம்.”

அதைத்தான் நான் விரும்பியிருந்தேன்.

“வேணாம் லா டீச்சர். இன்னும் பலமா மிதிக்கச் சொல்லுங்க. என் கடைசி வரிசைக்குச் சரியா கேக்கல.”

அப்படிச் சொன்னபோதும் என் பொறாமை தீரவில்லை. ஆனால், சாந்தியின் காதை அடைக்கும் அளவுக்கு அது பெரிதல்ல என்று தெரிந்ததில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.