முயல் மீன் தின்னுமா?

என் வாழ்நாளில் ஒரு புது வைரஸைக் கண்டுபிடித்திருக்கிறேன். பதினோரு நாள் அது நிலைத்தது. அந்தப் பதினோரு நாளும் என் கால் தரையில் பாவவில்லை.

அப்போது ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு ஒப்பந்த உதவியாளர் வேலை. முயல்களில் இதுவரை யாரும் அறியாத வைரஸ்களைத் தேடுவது எங்கள் திட்டம். 'யாரும் அறியாத' என்பதை எங்கள் பேராசிரியர் அழுத்திச் சொல்வார். அறிந்த நோய்களுக்கு அவரிடம் மரியாதை கிடையாது. பழைய கிருமி ஒன்று வாசலில் வந்து நின்றால் உட்காரச் சொல்லக்கூட மாட்டார்.

பெரியதாழை என்ற கடலோர ஊரில் ஓர் அக்கா, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு நாற்பது முயல் வளர்த்தார். கணவர் வளைகுடாவில் கப்பல் வேலை. அவர் பணம் வராத மாதங்களில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவை அந்த முயல்கள்தான். அவை வயிறு உப்பிக் கழிந்து சாகின்றன என்று கேள்விப்பட்டதும் பேராசிரியர் முகம் மலர்ந்தது. அன்றைக்கே என்னை அனுப்பினார்.

நான் போனபோது ஆறு செத்திருந்தன. அக்கா கையில் ஒரு மருந்து பாட்டில். பக்கத்து வீட்டுக் கோழிகளுக்கு ரத்தக்கழிச்சல் வந்தபோது கொடுத்த மருந்து. அதையே இவரும் வாங்கி வைத்திருந்தார்.

"தம்பி, இதத் தண்ணியில கலந்து வைக்கலாம்னு நெனைக்கேன். வைக்கட்டா?"

"வேண்டாம்க்கா. மருந்து உள்ள போனா சாம்பிள் கெட்டுரும். ரிசல்ட் வரட்டும்."

"அதுக்குள்ள எல்லாம் செத்துப்போச்சுன்னா?"

"பெரிய லேப்க்கா. சீக்கிரம் வந்துரும்."

"படிச்சவிய சொல்லுதிய, சரி" என்று பாட்டிலை அலமாரியில் வைத்தார். மருந்து வேண்டாம் என்று சொல்லும்படி என்னிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. பேராசிரியரைப் போலப் பேசிப் பார்க்க ஆசை, அவ்வளவுதான்.

கழிச்சலைப் பஞ்சுக் குச்சியில் எடுத்துக் குப்பிகளில் அடைத்தேன். நிலையம் கொடுத்த குளிர்பெட்டியின் மூடி உடைந்திருந்தது. விண்ணப்பித்தால் புதுசு வரும், திட்டம் முடிந்த பிறகு. எங்கள் கரையில் குளிர வைக்க வேண்டியது எதுவானாலும் மீன் பெட்டிதான். கல்யாண வீட்டுக் கலர் பாட்டிலிலிருந்து திருவிழா ஐஸ்கிரீம் வரை அதில்தான் போகும். மீன் ஏலம் முடித்து நின்ற ஓர் அண்ணாச்சியிடம் தெர்மாகோல் பெட்டி ஒன்று கேட்டேன். அடியில் ஒட்டியிருந்த சாளைச் செதிலை அவரே தட்டிவிட்டார். நான் தண்ணீர் ஊற்றி அலசினேன். அவர் மீனுக்குப் போட்ட ஐஸில் மிச்சத்தை அள்ளிப் போட்டார். அலசினால் சுத்தம் என்பது எங்கள் ஊர் விஞ்ஞானம்.

பேருந்தில் நடத்துநர் முகம் சுளித்தார். "ஏலே, மீன் பெட்டியக் கொண்டு பின்னால வை."

"மீன் இல்லண்ணே. முயல் புழுக்கை."

அதன் பிறகு என் பக்கத்து இருக்கை தூத்துக்குடி வரைக்கும் காலியாகவே வந்தது. இறங்கிப் பார்த்தால் ஐஸ் உருகிக் குப்பிகள் மிதந்துகொண்டிருந்தன. இரண்டில் மூடி நெகிழ்ந்திருந்தது. துடைத்து இறுக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை.

சில வாரம் ஓடியது. "தம்பி, இருவதுதான் இருக்கு" என்று அக்கா போன் செய்தார். ரிசல்ட் வரட்டும் என்றேன்.

வந்தது. உலகத்தில் எங்கும் பதிவாகாத வைரஸ். முயல் காது வைத்த கேக் வெட்டி, முதல் துண்டைப் பேராசிரியர் எனக்கு ஊட்டிவிட்டார். பெயர் வைக்க ஒரு கூட்டம் நடந்தது. பிள்ளைக்குப் பெயர் வைக்கிற வீட்டில்கூட அவ்வளவு சண்டை வராது. அக்காவிடமிருந்து மறுபடியும் போன். "ஒம்பதுதான் தம்பி."

"புது வைரஸ்க்கா. உலகத்துலயே உங்க வீட்லதான் இருக்கு" என்றேன் பெருமையாக.

"அதுக்கு மருந்து?"

புது வைரஸுக்கு ஏது மருந்து? அதைத்தான் அவரிடம் சொன்னேன்.

பன்னிரண்டாம் நாள், வெளியூர் நிபுணர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல். இந்த வைரஸின் சொந்தபந்தமெல்லாம் சாளை மீனில் இருக்கிறதே, முயலுக்கு எப்படி வந்தது என்று கேட்டிருந்தார். பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, கண்ணாடியைக் கழற்றி, "அந்த முயலெல்லாம் மீன் தின்னுமா?" என்றார்.

நான் நிஜமாகவே போன் போட்டுக் கேட்டேன்.

"மீன் விக்கிற வெலைக்கு எங்க கொழம்பே தண்ணியா இருக்கு. முயலுக்கு வறுத்தா போடுவேன்?" என்றார் அக்கா.

அப்போதுதான் பெட்டி ஞாபகம் வந்தது. பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "சாளையில இது புதுசா?" என்று கேட்டார். அந்த வாரமே மீன் வைரஸ்களுக்கு ஒரு புதுத் திட்டம் எழுத உட்கார்ந்துவிட்டார். முயல்கள் எப்படி இருக்கின்றன என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் நானே பெரியதாழைக்குப் போனேன். கூண்டுகள் காலி. சாகக் கிடந்த கடைசி முயலைத் தூக்கிக்கொண்டு அக்கா கால்நடை மருத்துவரிடம் போய் வந்திருந்தார். அவர் கழிச்சலை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்து உடனே சொல்லிவிட்டாராம்: ரத்தக்கழிச்சல், ரொம்பப் பழைய நோய்.

"மருந்து எழுதித் தந்தாரு. வீட்டுக்கு வாரதுக்குள்ள அதுவும் போயிட்டு. சீட்டுல பேரப் பார்த்தா..." என்று அக்கா அலமாரியைக் காட்டினார். அதே பாட்டில். சீல் உடைபடவில்லை.

"நீங்க வேண்டாம்னியள்லா தம்பி. தொறக்கவே இல்ல."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எனக்குக் காப்பி போட உள்ளே போனார். வெட்கமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

திட்டத்தின் இறுதி அறிக்கையைத் தட்டச்சு செய்தவன் நான்தான். எல்லா அறிக்கையிலும் போடுகிற ஒரு வரியை அதிலும் போட்டேன்: பண்ணையாளர் முழு ஒத்துழைப்பு அளித்தார்.