குடத்துக்குப் போகும் கறை

ஏழாம் வகுப்புக்கு மீள் மாற்றம், மீளா மாற்றம் நடத்தும்போது நான் நம்புவது ஆணிகளைத்தான். ஏரியூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பள்ளியில் ஆய்வகம் என்ற பெயரில் ஓர் அலமாரி இருக்கிறது, அதன் சாவி யாரிடம் என்பது கடவுளுக்கே வெளிச்சம். அதனால் மூன்று டம்ளர் போதும். ஒன்றில் வெறும் ஆணி, ஒன்றில் எண்ணெயில் மூழ்கிய ஆணி, இன்னொன்றில் பாதி நனைந்த ஆணி. சில நாளில் நனைந்தது மட்டும் சிவந்துவிடும். காற்றும் ஈரமும் சேர்ந்து இரும்பை வேறு பொருளாக்கிவிட்டன, இனி அது பழைய இரும்பாகாது என்பேன்.

"எங்க வூட்டுக் கொடத்துல புடிச்ச துருவ அம்மா புளி போட்டுத் தேச்சா போயிருதுங்களே டீச்சர்?" என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி.

"அது தண்ணியில வந்த துரு கண்ணு. கொடத்து மேல ஒட்டிக்கிட்டிருக்கு, அதான் போவுது."

அவள் கையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசுவாள். முன்பல் எல்லாம் பழுப்பு. எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், ஈறுக்குள் பல் உருவாகும்போதே கறையும் உள்ளே ஏறிவிடுகிறது. என் பல்லும் அப்படித்தான். ஒருமுறை பள்ளியில் நடந்த மருத்துவ முகாமுக்கு வந்தவர், "யாருமே பல்லு வெளக்கறதில்லையா?" என்று பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் டீ கொடுத்துத்தான் அனுப்பினோம்.

அடுத்த வாரம் வகுப்புப் போட்டோ எடுப்பதாக இருந்தது. போன வருசப் போட்டோவில் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்ற அந்தப் பெண், இந்தத் தடவை சிரிக்கப் போவதாகத் தோழிகளிடம் சொல்லியிருந்தாள்.

திங்கட்கிழமை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். கூடவே அவள் அம்மா, இடுப்பில் கைக்குழந்தை. முந்தின நாள் புளியும் செங்கல் பொடியும் வைத்து மகளின் பல்லைத் தேய்த்திருக்கிறார். ஈறு கிழிந்து ரத்தம் கசிந்தது. கறை அப்படியே இருந்தது.

"ரெண்டும் ஒரே தண்ணிதானுங்களே டீச்சர். கொடத்துக்குப் போவுது, பல்லுக்குப் போவாதுங்களா?"

திட்டத்தான் வாயெடுத்தேன். முடியவில்லை. அந்தம்மா கேட்டதில் என்ன தப்பு? என் மேலுதட்டை விரலால் தூக்கிக் காட்டினேன். இத்தனை வருச வேலையில் யாருக்கும் அப்படிக் காட்டியதில்லை.

"எனக்கே போவலீங்க. இது மேல ஒட்டுனது இல்ல, பல்லே அப்படி ஆயிருச்சு."

பெண் என் பல்லையே பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. அம்மா குனிந்து, இடுப்பிலிருந்த குழந்தையின் வாயைப் பார்த்தார்.

"அப்ப இதுக்குங்க?"

"ஆத்துத் தண்ணி குடுங்க. இப்பவே ஆரம்பிச்சா இது தப்பிச்சிரும்."

"ஆத்துத் தண்ணிக் கொழா எங்க தெருவுக்கு வரலீங்களே."

வாய் கொப்பளிக்கத் தண்ணீர் வேண்டும் என்றாள் பெண். பள்ளியில் இருந்தது போர்வெல் அடிபம்பு ஒன்றுதான். நானே அடித்து, ஒரு சொம்பு கொண்டுவந்து கொடுத்தேன். அவள் கொப்பளித்துத் துப்பினாள். வெயிலில் நடந்து வந்த களைப்பில் குழந்தை சிணுங்கியது. சொம்பில் மீதி இருந்ததை அம்மா அதற்குப் புகட்டினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.