வலது கண்ணும் மூன்று லென்ஸும்

செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் சௌகத் அலிக்கு, ஊரில் யார் கண்ணுக்கு எத்தனை பவர் என்பது அத்துப்படி. தன் கண்ணின் நிலவரம் மட்டும் தெரியாது. கடைச் சுவரில் ஓர் எழுத்து அட்டை தொங்குகிறது. மேலே பானை அளவு எழுத்தில் தொடங்கி, கீழே எறும்பு அளவில் முடிவது. அது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கண்ணை மூடிக்கொண்டே கடைசி வரியை ஒப்பிப்பார். அந்த அட்டைக்கு முன்னால் நின்றால் நூற்றுக்கு நூறு வாங்குவார். அதற்கும் பார்வைக்கும் சம்பந்தம் இருக்காது.

ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்வார்: நாற்பது தாண்டியாச்சா, வருஷத்துக்கு ஒரு தரம் கண் அழுத்தம் பார்த்துக்குங்க. அவருடைய அண்ணனுக்குக் கண் அழுத்தம் வந்து, சத்தமில்லாமல் ஓரங்களிலிருந்து இருட்டிக்கொண்டே வந்து, கண்டுபிடித்தபோது ஒரு கண் போயிருந்தது. அதனால் தம்பி கட்டாயம் போய்ப் பார்த்திருக்க வேண்டும். அதனாலேயே அவர் போகவில்லை.

இத்தனைக்கும் பயம் தொடங்கியது கடையில் அல்ல, கேமராவில். பிலிம் போட்டு எடுக்கும் பழைய கேமரா. கூடவே அகலத்துக்கு ஒன்று, நடுத்தரம் ஒன்று, தூரத்துக்கு ஒன்று என்று மூன்று லென்ஸ். மழைக்காலம் முடிந்ததும் பூஞ்சை பிடித்திருக்கும் என்று, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை முடிந்து வந்து, கேமராவின் உள்பாகங்களைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அடுத்த வாரம் கொளவாய் ஏரிக்கரையில் நின்று வலது கண்ணை வைத்துப் பார்த்தபோது, எதிர்க்கரை கரைந்துபோயிருந்தது. லென்ஸை மாற்றினார். அப்போதும் கரைந்துதான் இருந்தது. மூன்றாவதை மாட்டினார். ரயில் ஒன்று கரையோரமாகப் புகைபோல ஓடியது. அது மின்சார ரயில்.

லென்ஸ் கெட்டிருக்கும் என்று முடிவு செய்தார். மூன்றும் ஒரே நேரத்தில் கெடுமா என்று மனம் கேட்டது. ஒரு கண் கெடுவதைவிட மூன்று லென்ஸ் கெடுவது உத்தமம் என்று பதில் சொல்லிக்கொண்டார். அண்ணனுக்கு வந்தது இந்த மாதிரி மங்கல் அல்ல என்பது அவருடைய அறிவுக்குத் தெரியும். பயத்துக்குத் தெரியாது.

"ஞாயித்துக்கெழம கலையோட மாமல்லபுரம் போறேன். லென்ஸ் டெஸ்ட் பண்ணணும்" என்றார் மனைவியிடம்.

சைதூன் தோசையைத் திருப்பிப் போட்டாள். "லென்ஸ் டெஸ்ட்டா, கண்ணு டெஸ்ட்டா?"

"லென்ஸ்தான்."

"நேத்து உப்பு டப்பாவையும் சோடா மாவு டப்பாவையும் ஜன்னல்கிட்ட எடுத்துட்டுப் போய் ஒத்தக் கண்ணால பாத்துக்கினு இருந்தீங்களே, அது எந்த லென்ஸு?"

நாஸ்தா நன்றாக இருக்கிறது என்றார்.

கலையரசன் அவரோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவர். இப்போது படூரில் அடுக்குமாடியில் குடியிருந்துகொண்டு, ஒரு கல்லூரியின் பஸ்ஸை ஓட்டுகிறார். வாரமெல்லாம் பஸ் ஓட்டுகிறவருக்கு, இன்னொருவர் ஓட்டும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருவதே சுற்றுலா. கருப்பு வெள்ளை பிலிமை வீட்டுக் குளியலறையிலேயே கழுவிவிடும் வித்தையும் அவருக்குக் கைவசம். கலர் அவருக்கு வராது. சௌகத் அலிக்கும் கருப்பு வெள்ளையே தோதாக இருந்தது. நிறத்தைக் காட்டி மழுப்ப முடியாது, கோடு தெரிந்தால் தெரிகிறது, இல்லாவிட்டால் இல்லை.

பரீட்சையின் விதியை அவர் மனத்துக்குள் வகுத்துக்கொண்டார். தூரத்தில் இருப்பதை எடுப்பது. பிலிமிலும் மங்கலாக விழுந்தால் லென்ஸ் குற்றம். பிலிமில் தெளிவாக விழுந்துவிட்டால், மங்கல் தன் கண்ணில். இப்படி, தான் எடுக்கும் படங்கள் கெட்டுப்போக வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டு ஒரு மனிதர் கிளம்பினார்.

காலையில் செங்கல்பட்டுத் தெருக்களில் நடந்தார்கள். ரயில்வே மேம்பாலம், மார்க்கெட்டில் பூக்கட்டுகிறவர்கள், பூட்டிய கடையின் ஷட்டர். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ். மாமல்லபுரத்தில் சிற்பக்கூடங்களின் வரிசையைத் தாண்டி, பாறைச்சரிவில் நின்று, கலங்கரை விளக்கத்துக்குக் குறி வைத்தார். லென்ஸின் வளையத்தை, தூரத்துக்கான கடைசிக் குறிவரை திருகினார். உள்ளே கலங்கரை விளக்கம் ஈர மெழுகுவர்த்திபோல நின்றது. கேமராவை இறக்கி, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் பார்த்தார். மேலே சுற்றுக்கம்பி தெரிந்தது. தெரிகிறதா, அல்லது அங்கே கம்பி உண்டு என்று தெரிந்ததால் தெரிகிறதா? சிறுவயதிலிருந்து பார்த்த கலங்கரை விளக்கம். இதுவும் அந்த எழுத்து அட்டை மாதிரி மனப்பாடமாகிவிட்டது.

"இன்னா பாய், ஒத்தக் கண்ணப் பொத்திகினு? லைட் ஹவுசுக்கு சலாம் வெக்கிறியா?" என்றார் கலையரசன்.

"வெயிலு."

"குடு, நானும் ஒரு தபா பாக்குறேன்."

சௌகத் அலி கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "வேணாம். வடை தின்ன மூஞ்சிய வெச்சா கண்ணாடியெல்லாம் எண்ணெ."

"ஆமா, நீ பன்னீர்ல மூஞ்சி கழுவிகினு வந்த."

உண்மையில் அவருக்கு எண்ணெயைப் பற்றிக் கவலை இல்லை. கலையரசன் பார்த்துவிட்டு, "நல்லாத்தான கீது" என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்காமல் இருக்க, பிலிம் கழுவிக் காயும்வரை தவணை வாங்கினார்.

மூன்று லென்ஸாலும் கலங்கரை விளக்கத்தை எடுத்தபின் கொஞ்சம் பிலிம் மிச்சம் இருந்தது. நடுத்தர லென்ஸை மாட்டி, ஒரு சுவருக்கு முன்னால், இரண்டு எட்டு தள்ளி, கலையரசனை நிறுத்தினார். சுவரில், மூலம், பௌத்திரம் பார்க்கும் வைத்தியர் ஒருவரின் போஸ்டர் ஒட்டியிருந்தது. வளையத்தைத் திருகத் திருகக் கலையரசனின் மீசை ஒவ்வொரு மயிராகத் தெளிந்தது. கிட்டத்தில் தெளிவு, தூரத்தில் மங்கல். அப்படியானால் கண்தான் என்று அவர் இன்னும் கலங்கினார்.

"சீக்கிரம்டா, பேஜாரு பண்ணாத. பஸ் பாஸுக்குக்கூட இவ்ளோ நேரம் நிக்கல" என்றார் மீசைக்காரர்.

அடுத்த ஞாயிறு படூரில், குளியலறைக் கொடியில் துணிக் கிளிப் மாட்டிய பிலிம் காய்ந்து தொங்கியது. சௌகத் அலி கடையிலிருந்து கொண்டுவந்திருந்த பூதக்கண்ணாடியை நண்பரிடம் கொடுத்தார். தன் கண்ணை வழக்கில் சேர்த்திருக்கும்போது அதையே சாட்சிக்கும் கூப்பிடுவது முறையல்ல.

"நீயே பாத்து சொல்லு. லைட் ஹவுஸ் எப்படி கீது?"

கலையரசன் ஜன்னல் வெளிச்சத்தில் பிலிமைத் தூக்கிப் பிடித்தார். "சோக்கா கீது பாய். மேல கம்பியெல்லாம் எண்ணலாம்."

"மூணு லென்ஸ்லயுமா?"

"மூணுலயும்."

சௌகத் அலி குளியலறை வாசலில் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார். லென்ஸ்கள் மூன்றும் பாஸ். இனி மிச்சம் இருப்பது ஒன்றுதான். கடையை யார் பார்ப்பது, சைதூனிடம் எப்படிச் சொல்வது, அண்ணனைப் போலவே தானும் டம்ளரைத் தேடித் தடவும் நாள் எப்போது வரும் என்று வரிசையாக ஓடியது. அதற்குள் கலையரசன் அடுத்த படத்துக்குப் போய், அதை போனில் எடுத்து, கருப்பை வெள்ளையாகத் திருப்பி, பெரிதாக்கிவிட்டார்.

"அடப்பாவி! இன்னாடா இது? என் மூஞ்சி களி மாதிரி கீது. பின்னால மூல வைத்தியர் ஃபோன் நம்பர் மட்டும் தெள்ளத் தெளிவா கீது. நீ என்ன எடுத்தியா, அவர எடுத்தியா?"

சௌகத் அலி போனை வாங்கிப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார்.

"இல்லடா. எனக்கு உன் மீசதான் தெரிஞ்சுது. ஒவ்வொரு மயிரும் தெரிஞ்சுது. போஸ்டரு தெரியவே இல்ல."

"அப்ப உன் கண்ணு ஒண்ணு பாத்திருக்கு, கேமரா வேற ஒண்ணு பாத்திருக்கு" என்ற கலையரசன், அனுமதி கேட்காமல் கேமராவை எடுத்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வளையத்தை அந்தக் கடைசிவரை திருகினார். "யோவ் பாய், எனக்குமே எதிர் பில்டிங் கலங்கலாத்தான்யா கீது!"

"எண்ணெ படுமேன்னு..." என்று வாயெடுத்த சௌகத் அலி நிறுத்திக்கொண்டார். "இன்னா சொன்ன?"

"கலங்கலா கீதுன்னேன்."

அந்த மாதத்தில் அவர் கேட்ட மிக இனிய சொல் அதுதான். லென்ஸைக் கழற்றி, உள்ளே விரலை நுழைத்து, பிம்பம் விழும் சின்னக் கண்ணாடித் தகட்டை உருவி வெளிச்சத்தில் காட்டினார். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. சொரசொரப்பான பக்கம் கீழே லென்ஸைப் பார்த்திருக்க வேண்டும், மேலே இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் துடைத்து மாட்டிய கை, மூக்குக்கண்ணாடிக்காரர் கை. பளபளப்பான முகம்தான் வெளியே தெரிய வேண்டும் என்று பல வருஷமாகப் பழகிய கை. அது தன் வழக்கப்படி திருப்பி மாட்டிவிட்டது. தகட்டின் தடிமன் அளவுக்குக் கண்ணும் பிலிமும் கருத்து வேறுபட்டுவிட்டன; கண் மீசையில் நின்றபோது பிலிம் அதைத் தாண்டிச் சுவரில் நின்றது. துடைத்தவர் தானே என்பதால், எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவர் அதை மட்டும் சந்தேகப்படவில்லை.

தகட்டைச் சரியாக மாட்டி வலது கண்ணை வைத்தார். எதிர் மாடியில் யாரோ காயப்போட்ட லுங்கியின் கட்டங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

"நான் மடையன்டா" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

"அத சொல்றதுக்கா இவ்ளோ சந்தோஷம்?"

"உனக்குப் புரியாது. குருடனா மடையனான்னு கேள்வி. மடையன்தான்னு முடிஞ்சுபோச்சு."

வீட்டுக்கு வந்து சொன்னபோது சைதூன் சிரிக்கவில்லை. "கேமராவுக்குப் பாத்தாச்சு. நாளைக்குக் கண்ணுக்குப் பாத்துரலாம். நானும் வர்றேன்" என்றாள். ஆச்சரியம், அவர் மறுக்கவில்லை. பயம் இருந்தவரை கால் எழவில்லை. பயம் போனதும், அவசியமே இல்லாததுபோலத் தோன்றும் அந்த நேரத்தில், பஸ் பிடித்துப் போனார். கண் ஆஸ்பத்திரியில் அவருக்குத் தெரியாத வேறொரு அட்டையைக் காட்டினார்கள். திக்கித் திக்கிக் கடைசி வரிக்கு முந்திய வரிவரை வந்தார். அழுத்தம் சரியாக இருக்கிறது, வருஷத்துக்கு ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். அந்த வாக்கியத்தை முதன்முறையாகக் கேட்பவர்போல சௌகத் அலி தலையாட்டினார். வெளியே வந்ததும் சைதூன் அவர் கையைப் பிடித்தாள். சாலையைக் கடக்க அல்ல.

கலையரசனின் களி மூஞ்சிப் படம் இப்போது கடையில், எழுத்து அட்டைக்குப் பக்கத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. நாற்காலியில் உட்காருகிறவர்கள் அட்டையை விட்டுவிட்டு முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள்.

"பாய், அந்த ஆளு மூஞ்சி மங்கலாத் தெரியுதே?"

"பின்னால நம்பர் தெரியுதா?"

"நல்லாத் தெரியுது."

"அப்ப கண்ணு சரியாத்தான் கீது" என்கிறார் சௌகத் அலி.