ஒரே ஒரு ஊதாக் குழி

நீலாவோடு சேர்ந்து வேலை செய்வது லேசுப்பட்ட காரியமில்லை. புனேயில் வைரஸ்களை ஆராயும் ஓர் ஆய்வகத்தில் நாங்கள் இருவரும் டெக்னீஷியன்கள். பரிசோதனையில் நல்ல முடிவு வந்துவிட்டது என்று யாராவது துள்ளிக்கொண்டு வந்தால், மறுபடி போடு என்பாள். மறுபடியும் அதே முடிவு வந்தால், இன்னொரு தடவை என்பாள். ஆராய்ச்சி மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் அவளுக்கு 'ஃபிர் ஸே' என்று பெயர் வைத்திருந்தார்கள். இந்தியில் 'மறுபடியும்' என்று அர்த்தம். அவளுக்கும் அது தெரியும். சிரித்துக்கொள்வாள், ஆனால் விடமாட்டாள்.

எங்களுக்கு வெளிநாட்டிலிருந்து, புகை விடும் ஐஸ் நிரப்பிய பெட்டியில் இன்டர்ஃபெரான் வரும். வைரஸ் நுழைந்ததும் உடம்பு தானாகச் சுரக்கும் காவல் புரதம் அது. எங்களுக்கு வருவது எலியினுடையது. எலியின் மரபணுவை பாக்டீரியாவுக்குள் வைத்து, அதைக்கொண்டு தயாரித்தது. ஆராய்ச்சிக்கு மட்டும்தான், மருந்து அல்ல. அதன் வீரியம் குறையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது நீலாவின் வேலை. பட்டாணி அளவுக் குழிகள் வரிசையாக இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் எலியின் செல்களை வளர்ப்பாள். முதலில் புரதம், மறுநாள் வைரஸ், கடைசியில் ஊதாச் சாயம். செல்கள் பிழைத்திருந்தால் குழி நாவற்பழ நிறத்தில் நிற்கும். செத்திருந்தால் சாயமெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும்.

குழிகளில் வைரஸைச் சொட்டுச் சொட்டாக விடுவதற்கு எட்டு மூக்குள்ள ஒரு பிப்பெட் வைத்திருந்தோம். அதில் கடைசி மூக்கு லொடலொட. பிளாஸ்டிக் முனையை அதில் செருகியதும் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் குழியில் மட்டும் சொட்டு விழாது. புதிது வாங்கித் தரச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். எங்கள் எல்லோருக்கும் அழுத்துவதே பழக்கமாகிவிட்டது.

நீலாவின் கணவர் ஜம்புநாதன் ஆகுர்டியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். கொஞ்சம் வாய்த்துடுக்கு, நல்ல மனிதர். தினமும் காலையில் அவளை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவார். அவள் உள்ளே போய்க் கண்ணுக்கு மறையும்வரை வண்டியைக் கிளப்பமாட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் இதென்ன கூத்து என்று நான் கேலி செய்வேன்.

தொண்ணூற்றேழில் அவர் கண் மஞ்சளானது. ஹெபடைடிஸ் பி. ஈரல் ரொம்பவே கெட்டுவிட்டது, இன்டர்ஃபெரான் ஊசி போட்டால் ஒருவேளை பலன் இருக்கலாம் என்றார் டாக்டர். அந்த ஊசியின் விலை எங்களைப் போன்றவர்கள் நினைத்துப் பார்க்கக்கூடியதாக இல்லை. கேன்டீனில் சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல் உட்கார்ந்து நீலா இதையெல்லாம் சொன்னாள். மருந்தின் பெயரைக் கேட்டதும் ஜம்புவின் முகம் மலர்ந்துவிட்டதாம்.

"அரே, நீ டெய்லி ஃப்ரீசர்லேர்ந்து எடுக்கறதுதானே அது?" என்றாராம்.

எலியினுடையது எலிக்குத்தான் வேலை செய்யும், மனுஷ செல் அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது என்று விளக்கியிருக்கிறாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ போட்டுப் பாத்தியா?" என்றாராம்.

அவள் படித்திருந்தாளே தவிர, போட்டுப் பார்த்ததில்லை. ஒரு வாரம் அந்தக் கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை. பக்கத்து அறையில் மனிதச் செல்கள் வளர்த்த தட்டு ஒன்று மிச்சமிருந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்தது. விடை தெரிந்த கேள்விக்கு எதற்கு ஒரு தட்டை வீணாக்குகிறாய் என்று கேட்டேன். அவருக்கு விடை தெரியாதே என்றாள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வரிசைகூட ஒதுக்காமல் எல்லாக் குழியிலும் எலிப் புரதத்தை விட்டாள். மறுநாள் வைரஸ். நீலாவிடம் நான் கண்ட முதல் அலட்சியம் அதுதான். சாயம் போட்டுக் குழாயடியில் கழுவியபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். தட்டு முழுக்க வெறிச்சென்று இருந்தது. ஓரத்தில் ஒரே ஒரு குழி மட்டும் ஊதாவாக நின்றது.

ஒரு நிமிஷம் நானே நம்பிவிட்டேன். நீலா தன் கட்டைவிரலைப் பார்த்தாள். அந்தக் குழி கடைசி மூக்குக்கு நேரே இருந்தது. ஒரு தடவை அழுத்த மறந்திருக்கிறாள். வைரஸே விழாத குழி அது. இருவருக்கும் புரிந்துவிட்டது.

ஸ்பிரிட்டில் ஊறிக் காய்ந்த தட்டில் உயிருள்ளது எதுவும் மிஞ்சாது. அதைப் பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனாள். உள்ளதைச் சொல்லிவிடத்தான் போனாள். ஜம்பு தட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதோ ஒண்ணு நிக்குதே," என்றார். "அந்த ஒண்ணு நான்தான்."

கட்டைவிரல் கதையை அவளால் அதற்குமேல் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு அவர் ரெண்டு சப்பாத்தி கூடச் சாப்பிட்டாராம். அதன்பின் தினமும் சாயங்காலம், 'ஃபிர் ஸே' மேடம் மறுபடி போட்டாச்சா என்று கேட்பார். செல் இல்லை என்பாள், புரதம் தீர்ந்துவிட்டது என்பாள், பிப்பெட் ரிப்பேர் என்பாள். அவர் துருவிக் கேட்டதில்லை. அடுத்த வருஷம் கணபதி பந்தல்களைப் பிரிப்பதற்குள் போய்விட்டார்.

பிறகு புதுப் பிப்பெட் வந்தது. எட்டு மூக்கும் கச்சிதமாகப் பிடிக்கும். நீலா மட்டும் இன்னமும் கட்டைவிரலால் அழுத்துகிறாள். பஸ்ஸில்தான் வருகிறாள், கேட்டுக்குள் நுழைந்ததும் நின்று, முன்பு ஸ்கூட்டர் நின்ற இடத்தைத் திரும்பிப் பார்க்கிறாள். அங்கே இப்போது ஒரு வடாபாவ் வண்டி. இத்தனை வருஷத்தில் ஏக்கம் துளியும் குறையவில்லை. அவளுக்கு அவர் வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து ஐந்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஜன்னல் ஓரத்தில் அந்தத் தட்டு இருந்தது. சாயம் மங்கவே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. ஊரையெல்லாம் மறுபடி போட வைத்தவள் நீ, இதை மட்டும் ஏன் அப்படியே விட்டாய், தப்பென்று தெரிந்துமா என்று கேட்டேவிட்டேன்.

நீலா முந்தானையால் தட்டின் தூசியைத் துடைத்தாள்.

"மறுபடி போட்டா அந்த ஒண்ணும் போயிடும், எஸ்தர்."