லேம்ப்மேன் ராயப்பனின் இருபத்தாறு டின்கள்

வலது கை ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரைக்கும் மண்ணுக்குள் விட்டு, கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் ராயப்பன். டாக்டர் நாடி பார்க்கிற மாதிரிதான். பிறகு விரலை எடுத்து மோந்து பார்க்கிறார். "ஈரம் இருக்குது" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு அடுத்த டின்னுக்குப் போகிறார். இப்படி இருபத்தாறு டின். விடிந்ததும் ஒரு சுற்று, டியூட்டிக்குக் கிளம்பும்போது ஒரு சுற்று, மத்தியானம் சோற்றுக்கு வரும்போது இன்னொன்று. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த டின்கள் தாமாகவே தண்ணீர் குடித்துக்கொள்பவை. ஒரு வாரம் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்பதற்காகவே அவர் கையால் செய்தவை.

விழுப்புரம் ஜங்ஷனில் அவர் லேம்ப்மேன். ரயிலுக்கு சிக்னல் காட்டும் கைகாட்டி மரத்தில் ஏறி, விளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றி, திரியைக் கத்தரித்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டு இறங்குவது உத்தியோகம். வயது ஐம்பத்து நாலு. ஏணி ஏறி ஏறி முழங்கால் இரண்டும் கொஞ்சம் வெளிப்பக்கம் வளைந்திருக்கும். அவருடைய குவார்ட்டர்ஸுக்கும் எங்கள் வாடகை வீட்டுக்கும் பின்பக்கம் ஒரே மதில், அதுவும் இடுப்பளவு மதில். நான் தபால் ஆபீசில் முத்திரை குத்துகிறவன். நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவன். அதனாலோ என்னவோ, உட்காரவே தெரியாத இந்த மனிதரை வேடிக்கை பார்க்க எனக்கு அலுப்பதில்லை.

நிஜமாகவே உட்காரத் தெரியாது. டீயை நின்றபடி குடிப்பார். கிளாஸைக் கீழே வைப்பதற்குள் ஒரு கால் படியில் இருக்கும். மாதா கோயில் பூசையில் கடைசித் தூணோரம் நிற்பார். "அந்தத் தக்காளி இருக்குதே சார்..." என்று ஆரம்பித்தால் மீதியை நடந்துகொண்டே சொல்வார். முடிவை நாம் அடுத்த நாள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றியதும் குனிந்து அதன் முனையை வாசல் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். ஏன் என்று கேட்டேன். "கெளம்பறப்போ திரும்பி நின்னு மாட்டினு இருந்தா நேரம் பேஜாராயிடும் சார்" என்றார். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மனுஷன் என்பாள் அம்மணி, என் மனைவி.

டின்னுக்கு வருவோம். பலசரக்குக் கடையில் எண்ணெய் தீர்ந்து வெளியே வரும் பதினைந்து கிலோ டின் இரண்டு. ஒன்றை ஆறு விரற்கடை உயரத்துக்கு வெட்டிக்கொள்வார். அது தண்ணீர்த் தொட்டி. பக்கவாட்டில் கெட்டிலுக்கு இருப்பது போல ஒரு தகர மூக்கைப் பற்றவைத்து, கொசு இறங்காமல் துணி அடைத்துவிடுவார். இன்னொரு டின்னின் அடி ஓரத்தைச் சுத்தியால் தட்டி ஒடுக்கி, துளைகள் போட்டு, தொட்டிக்குள் செங்கல் துண்டுகள் மேல் உட்காரவைப்பார். அதில்தான் மண்ணும் செடியும். துளைகள் வழியாக ஒரு துணித்திரி கீழே தண்ணீருக்குள் தொங்கும், மேலே வேருக்குள் போகும். மூக்கில் ஊற்றிய தண்ணீர் திரி வழியாக மேலே ஏறிக்கொள்ளும்.

"முப்பது வருஷமா எண்ணெய் திரியில ஏறுறதைப் பாத்துக்கினு இருக்கேன். எண்ணெய் ஏறுது, தண்ணி ஏறாதா?" என்பார்.

யோசனை சரிதான். ஆனால் முதல் தடவை அவர் போட்டது கைகாட்டி விளக்கில் கழித்துப்போட்ட பழைய திரி. லேம்ப்மேன் கைக்கு அதுதானே வரும்! சோடா மாவு போட்டு மூன்று கொதி கொதிக்கவைத்தும் மண்ணெண்ணெய் போகவில்லை. ஐந்தாம் நாள் ஆறு தக்காளிச் செடியும் கருகிப்போய்ப் பின்கட்டே லேம்ப் ரூம் மாதிரி நாறியது. அன்றையிலிருந்து அவருடைய பழைய வேட்டிகள்தான் திரி.

மண் விஷயத்தில் மட்டும் அவருக்கு அவசரம் கிடையாது. மட்கிய சாணம், புங்கஞ்சருகு, மல்லாட்டை என்கிற வேர்க்கடலையின் தோல், ஒரு கை வேப்பம் புண்ணாக்கு எல்லாம் செம்மண்ணில் கலந்து, வெல்லத் தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்குப் போட்டு நாற்பது நாள் மூடிவைப்பார். மழை விட்டதும் தண்டவாளத்தோரம் மண்புழு பொறுக்கி, காலியான சாப்பாட்டு டப்பாவில் போட்டுக்கொண்டு வருவார். "சாப்பிடற டப்பாலயா அண்ணே?" என்று அம்மணி முகத்தைச் சுளித்தாள். "அதுக்கும் வயிறு இருக்குதில்ல தங்கச்சி?" என்றார். யூரியா என்ற பேச்சையே எடுக்கக்கூடாது. "அது சாராயம் சார். போட்டதும் ஆடும், அப்பறம் குப்புற வுழும்." அந்த மண்ணை ஒரு கை அள்ளிக்கொடுத்தார். கைக்குள்ளே எதுவோ நெளிந்தது. பயந்து கொட்டிவிட்டேன். "பாத்தீங்களா, உசுரு இருக்குது" என்று சிரித்தார்.

உயிருள்ள மண்ணில் ஒரு வில்லங்கம் உண்டு. அது பருத்தித் திரியைத் தின்றுவிடும். மூன்று, நான்கு மாதத்தில் திரி மக்கி அறுந்துபோகும். தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும், செடி மேலே வாடும். அதனால்தான் இந்த விரல் வைத்தியம். சரி, வாடினால் மேலே ஒரு சொம்பு ஊற்றினால் போச்சு என்று நீங்களும் நானும் நினைப்போம். அப்படி நினைத்து அம்மணி ஒருநாள் மதிலோரக் கத்தரிக்கு ஊற்றிவிட்டாள். மனுஷர் ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை. "மேல ஊத்தினா வேரு சோம்பேறியா மேலயே படுத்துக்கும். கீழ இருந்து வந்தாதான் தேடிக்கினு போவும்" என்று எட்டாம் நாள் என்னிடம்தான் சொன்னார், அவளிடம் சொல்லவில்லை.

இருபத்தாறில் ஒன்று மட்டும் மல்லிப்பூச் செடி. அதன் திரி மட்டும் வேட்டியில்லை, வெளுத்துப்போன ஊதாப் பூப்போட்ட நூல் புடவை. அது அவர் மனைவி சவுரியம்மாளுடையது. மல்லியும் அவள் வைத்ததுதான். எண்பத்து மூன்றாம் வருஷத்துப் பஞ்சத்தில், பங்குனியில், அவள் திண்டிவனத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மகள் ஜெயத்தைக் கட்டிக்கொடுத்த ஊர் என்பதால் அங்கே சேர்த்திருந்தார்கள். இதை ராயப்பன் ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னார். அப்போதும் நின்றுகொண்டுதான் சொன்னார்.

"நாலு நாளா பக்கத்துலயே இருந்தேன் சார். அவதான், மல்லி காஞ்சிப்பூடும், ஒரு நடை போய் ஊத்திட்டு வந்துருன்னா. காலை வண்டியில வந்தேன். ஊத்தினேன். மத்தியான வண்டியில திரும்பிப் போனேன். கட்டில்ல வேற யாரோ படுத்திருந்தாங்க."

மல்லி பிழைத்துக்கொண்டது. அந்த வருஷம்தான் அவர் டின் வெட்ட ஆரம்பித்தார்.

இனிமேல் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காக யாரையும் விட்டுவிட்டு ஓடிவர வேண்டியதில்லை என்றுதானே அதைச் செய்தார்? ஆனால் ஓட்டம் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் திண்டிவனம் போய் ஜெயத்தைப் பார்ப்பார். சாயங்காலப் பாசஞ்சரின் ஊதல் கேட்டால் எழுந்துவிடுவார். "எங்கப்பா கையில சோத்தோட எழுந்துடுவாரு அக்கா. வந்த மாதிரியே இருக்காது" என்று ஜெயம் அம்மணியிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

இந்தப் பங்குனியில் அவளிடமிருந்து இன்லண்ட் லெட்டர் வந்தது. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைக் காணோம் என்று என்னையே படிக்கச் சொன்னார். ஜெயத்துக்கு முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் தங்காமல் போனது. இது இரண்டாவது, இப்போது எட்டு. கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். புருஷன் லாரியில் நாக்பூர் போயிருக்கிறான். இத்தனையும் எழுதிவிட்டுக் கடைசியில் எழுதியிருந்தாள்: "அப்பா, வந்தால் இருங்கள். இருக்க முடியாது என்றால் வரவே வேண்டாம். நீங்கள் எழுந்து போவதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை."

படித்து முடித்து நிமிர்ந்தேன். ராயப்பன் டின் ஒன்றில் விரலை விட்டுக்கொண்டு நின்றார். வெகுநேரம் எடுக்கவில்லை.

இருபது நாள் லீவு எழுதிக் கொடுத்தார். இரண்டு நாள் ராப்பகலாகத் திரி மாற்றினார். இருபத்தைந்து டின்னுக்கும் புதுத் திரி. மல்லிக்கு வந்தபோது டிரங்குப் பெட்டியைத் திறந்து ஊதாப் புடவையை எடுத்தார். முழம் அளவு ஒரு துண்டுதான் மிச்சம். அதை மல்லிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார், திரும்ப உள்ளே கொண்டுபோனார், மறுபடியும் கொண்டுவந்தார். மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கே கால் வலித்தது. கடைசியில், "பழசே இன்னும் ஒரு மாசம் தாங்கும்" என்று பெட்டியைப் பூட்டிவிட்டார். எனக்கு, "ஆறாம் நாளு மூக்குல ஊத்துங்க சார். மூக்குல மட்டும்" என்று நாலு தடவை சொன்னார். பிளாட்பாரம் வரை போய், திரும்பி வந்து ஐந்தாம் தடவையும் சொன்னார்.

அவர் போனதும் அந்த வியாதி எனக்கு ஒட்டிக்கொண்டது. முத்திரை குத்தும்போதும் டின் ஞாபகம். விடிந்ததும் மதிலைத் தாண்டி விரலை விட்டேன். எனக்கு ஈரமும் தெரியவில்லை, ஒரு மண்ணும் தெரியவில்லை. ஆனாலும் விடாமல் நின்றேன். "ஒரு ராயப்பன் போதாதா இந்தத் தெருவுக்கு?" என்றாள் அம்மணி. ஆறாம் நாள் மூக்கில் ஊற்றினேன். மற்றதெல்லாம் மடமடவென்று குடித்தன. மல்லித் தொட்டியில் பாதி ஊற்றுவதற்குள் நிரம்பி வழிந்தது. எட்டாம் நாள் அதன் இலைகள் தொங்கிவிட்டன. மொக்கு விட்ட செடி. தொட்டி நிறையத் தண்ணீர், திரி செத்துவிட்டது.

மேலே ஊற்றலாமா? அவர் இல்லாத நேரத்தில், அவர் மனைவி வைத்த செடியில், அவர் கூடாதென்றதைச் செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை. போய்ச் சொல்லலாமா?

"சொன்னா அடுத்த வண்டியில ஓடியாந்துருவாரு. அந்தப் பொண்ணு கதி?" என்றாள் அம்மணி.

"சொல்லாமலே செத்துப்போனால்?"

"செடிதானே?" என்றாள். சொன்ன மறுநிமிஷமே அவளுக்கும் முகம் மாறிவிட்டது.

மறுநாள் ஞாயிறு. சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு திண்டிவனம் போனேன். சொல்வதா, வேண்டாமா என்பது அந்த வீட்டு வாசல் வரையிலும் முடிவாகவில்லை.

ஸ்டேஷனுக்குப் பின்தெரு. கயிற்றுக்கட்டிலில் ஜெயம் படுத்திருந்தாள். பக்கத்து வீட்டு அஞ்சம்மாள் அடுப்பங்கரையில் கேப்பைக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். ராயப்பன் கட்டிலோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார்! முழங்கால் மட்டும் விடாமல் ஆடியது. செருப்பு வாசலில் இல்லை, உள்ளே அவர் பக்கத்திலேயே, முனை வாசலைப் பார்த்தபடி கிடந்தது. நான் உள்ளே நுழைந்ததும் ஜெயம் என்னைப் பார்க்கவில்லை, அந்தச் செருப்பைத்தான் பார்த்தாள்.

ஆபீஸ் கதை, வெயில் கதை, மாவு மில் கதை எல்லாம் பேசினேன். கூழும் குடித்தேன். ராயப்பன் என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆள்காட்டி விரல் நகத்தில் கறுப்பாக மண் ஏறியிருந்தது.

"எது சார்?" என்றார்.

எனக்குப் பொய் வரவில்லை. "மல்லி" என்றேன். "தொட்டியிலே தண்ணீர் அப்படியே நிற்கிறது."

எழுந்துவிட்டார். எழுந்த வேகத்திலேயே செருப்புக்குள் கால்கள் நுழைந்தன. அதற்குத்தானே அவை அப்படிக் காத்திருந்தன! வாசல்படி வரை போய்விட்டார். ஜெயம் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். என் நாக்கை அறுத்துப்போடலாம் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து சாயங்காலப் பாசஞ்சர் ஊதியது. நானும் அதில்தான் திரும்ப வேண்டும். எழுந்து பையை எடுத்தேன். ராயப்பன் படியில் நின்றபடி ஸ்டேஷன் பக்கம் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்துக் கிடந்த முதுகைப் பார்த்தார்.

"மேல ஊத்துங்க சார்" என்றார்.

"மேலேயா?"

"மேலதான். காலையில ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு. தங்கச்சி கையால ஊத்தச் சொல்லுங்க."

வண்டி இரண்டாம் முறை ஊதியது. "ஜல்தியா போங்க, வுட்ருவீங்க" என்று எனக்கு வழி விட்டு உள்ளே வந்தார். கட்டிலோரம் செருப்பைக் கழற்றினார். குனியவில்லை, திருப்பி வைக்கவில்லை. இரண்டையும் காலாலேயே கட்டிலுக்கு அடியில், சுவர் வரைக்கும் தள்ளிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார்.