கம்பெனிக்காரன் சாமான்

என் கணவர் எதை எழுதினாலும் முதலில் பிள்ளையார் சுழி போடுவார். கடிதம், மளிகைச் சீட்டு, கேஸ் புத்தகத்தின் அட்டை, மகளின் பள்ளிக்கூட லீவு லெட்டர், எல்லாவற்றின் தலையிலும் ஒரு உ இருக்கும். பட்டாளத்தில் லீவு விண்ணப்பத்தில் அதைப் போட்டு, இது என்ன ரகசியக் குறி என்று மேலதிகாரி கூப்பிட்டு விசாரித்த கதையை அவரே சொல்லிச் சிரிப்பார். லேப்டாப் வாங்கி வந்த அன்றைக்கு எனக்கு இட்ட முதல் உத்தரவே அதில் தமிழ் எழுத்து வரவழைக்க வேண்டும் என்பதுதான். நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் டைப் அடிக்கிறவள். வரவழைத்துக் கொடுத்தேன். ஒற்றை விரலால் தேடித் தேடி ஒரு உ தட்டினார். தமிழில் அவருக்குத் தட்டத் தெரிந்த எழுத்து கடைசி வரைக்கும் அது ஒன்றுதான்.

அந்த லேப்டாப்பை மிலிட்டரி கேன்டீனில் வாங்கி, தென்காசி வரைக்கும் ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். மூடியில் சந்தனம் குங்குமம் வைத்துத்தான் திறந்தோம். திறந்ததுமே அது ஒரு கேள்வி கேட்டது. கம்பெனிக்காரன் டி டிரைவில் சில ஃபைல்களைப் போட்டு அனுப்பியிருக்கிறான், பின்னால் மெஷின் கெட்டுப்போனால் அவற்றைக் கொண்டுதான் முதல் நாள் இருந்த மாதிரி ஆக்க முடியும், அவற்றை இப்போதே தனியாக ஒரு நகல் எடுத்துக்கொள்கிறீர்களா, பிறகா என்று. அவர் ‘பிறகு’ என்பதை அமுக்கினார். ஒவ்வொரு லீவுக்கும் அது கேட்கும். ஒவ்வொரு லீவுக்கும் அவர் பிறகு என்பார். என் விஷயத்திலும் அந்த மனுஷர் அப்படித்தான்.

“ஏட்டி, சி டிரைவ்ல நீ என்ன வேணும்னாலும் பண்ணிக்கோ. டி பக்கம் மட்டும் போயிராத. அது கம்பெனிக்காரன் சாமான். ஒண்ணத் தொட்டாலும் மெஷின் படுத்துரும்” என்று எனக்கும் மகளுக்கும் கண்டிப்பாகச் சொல்லி வைத்தார். பட்டாளத்தில் ஸ்டோர் பார்க்கிறவர். தொடக் கூடாத சாமான் என்றால் அவருக்கு அப்படி ஒரு மரியாதை. நான் யார் சொல்லையும் கேட்காதவள் என்று எங்கள் தெருவுக்கே தெரியும். அந்த ஒரு சொல்லை மட்டும் ஏன் கேட்டுத் தொலைத்தேனோ!

அவருடைய கடைசி லீவு சாரல் காலத்தில் வந்தது. எங்கள் வீடு தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் இருக்கிறது. ஊர் ஊராகச் சனங்கள் வேன் பிடித்து எங்கள் வாசலைத் தாண்டி அருவிக்குப் போவார்கள், நாங்கள் போவதில்லை. இந்தத் தடவை நாம் மூன்று பேர் மட்டும், கூட்டம் வருவதற்கு முன்னால் விடிகாலையில் ஐந்தருவிக்குப் போகிறோம் என்று ராஜஸ்தான் முகாமிலிருந்தே போனில் சத்தியம் பண்ணியிருந்தார். வந்த மறுநாள் அருவியில் வெள்ளம், போலீஸ்காரர்கள் குளிக்க விடவில்லை. அடுத்த நாள் வாசுதேவநல்லூரிலிருந்து அவருடைய சொந்தக்காரர்கள் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். அதற்கடுத்த நாள் கூட்டாளி ஒருவர் கூப்பிட்டார் என்று பண்பொழி மலைக்கோயிலுக்குப் போய்விட்டார். நாலாம் நாள் முகாமிலிருந்து போன். லீவு ரத்து, உடனே கிளம்பி வா என்று.

அன்றைக்கு நான் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. அவர் டிரங்குப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே நான் அடுப்பங்கரைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எங்கள் பக்கம் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லாமல் படி இறங்க மாட்டார். வீட்டில் இருக்கிறவள் வாசல் வரைக்கும் வந்து ‘போயிட்டு வாங்க’ என்று சொல்ல வேண்டும். எத்தனை சண்டை போட்டாலும் அதைச் சொல்லாமல் நான் இருந்ததில்லை. அன்றைக்கு அவர் சொன்னது என் காதில் விழவில்லை. நானும் சொல்லவில்லை. ஆட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டுத்தான் அவர் போய்விட்டது தெரிந்தது.

ரயில் ராஜபாளையம் தாண்டியதும் கூப்பிட்டார். “கம்ப்யூட்டர்ல ஒனக்கு ஒண்ணு பேசி வச்சிருக்கேன்ட்டி. கோவம் ஆறுனப்புறம் கேளு.”

“ஒரு மண்ணாங்கட்டியும் வேண்டாம்” என்று போனை வைத்தேன்.

அதற்கப்புறம் ஒன்பது நாள் அவர் கூப்பிட்ட போதெல்லாம் போனை மகளிடம் கொடுத்தேன். பத்தாம் நாள் முகாமிலிருந்து வேறு யாரோ கூப்பிட்டார்கள். நெஞ்சுவலி என்றார்கள். அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்குக் கை வராது.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு தேட ஆரம்பித்தேன். என்னமோ பேசி வைத்திருக்கிறேன் என்றாரே, அது எங்கே? பாட்டு இருக்கிற இடம், படம் இருக்கிற இடம், குப்பைத் தொட்டி, ஒன்று விடவில்லை. மகளும் தேடினாள். அவளும் அப்பா சொல்லுக்குக் கட்டுப்பட்டு வளர்ந்தவள், டி பக்கம் போகவில்லை. கிடைக்கவில்லை. வருஷங்கள் ஓடின. அவர் முகம் படத்தில் இருந்தது, குரல்தான் எங்கேயும் இல்லை. சில நாள் அந்தக் குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்ப்பேன், வராது. அப்படி ஒரு பயம் எனக்கு வேறெதற்கும் வந்ததில்லை. சாரல் காலத்தில் எங்கள் வீட்டில் துணிகூடக் காயாது. ஈரம் ஏறிவிடக் கூடாது என்று அந்த லேப்டாப்பை அவருடைய பட்டாளத்துக் கம்பளியில் சுற்றி பீரோவில் வைத்திருந்தேன். யாரையும் தொடவிட்டதில்லை.

இந்தச் சாரலுக்கு மகள் கல்லூரியிலிருந்து வந்தவள், அதை எடுத்துப் பார்த்துவிட்டு ஆரம்பித்தாள். “எம்மா, இத ஆன் பண்ணிட்டு குளிச்சிட்டு வந்தாலும் அப்படியே நிக்கி. ஹார்ட் டிஸ்க்கு பழசாயிட்டு. கழத்திட்டு புதுசு ஒண்ணு போட்டா நல்லா ஓடும். பழைய டிஸ்க்க அழிச்சிட்டு ஒரு யூ.எஸ்.பி. கவர்ல போட்டு என் புராஜெக்ட்ட எல்லாம் சேத்து வச்சிக்குவேன்.”

“அதுல ஒங்கப்பா பேசுனது இருக்கு.”

“எங்கம்மா இருக்கு? எத்தன வருசம் தேடிட்டோம். இப்படியே வச்சிருந்தா ஒருநாள் டிஸ்க்கே போயிரும், அப்ப படமும் போயிரும்.”

அவள் சொன்னது நியாயம்தான். அதனாலேயே அவளிடம் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் காலையில் நானே கம்பளியைப் பிரித்து எடுத்துக் கொடுத்தேன்.

தென்காசியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் என் பள்ளிக்கூடத்துக்கும் வேலை செய்கிறவர், நிதானமான ஆள். முதலில் படங்களையும் கடிதங்களையும் புது டிஸ்க்கில் ஏற்றினார். பிறகு, கம்பெனி ஃபைலை எடுத்து வைக்காமல் பழைய டிஸ்க்கில் கை வைக்கக் கூடாது என்று ஒரு பென் டிரைவைச் செருகினார். அந்தப் பழைய கேள்வி திரையில் வந்தது. இப்போதா, பிறகா? அண்ணாச்சி ‘இப்போது’ என்பதை அமுக்கினார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வெளியே சாரல் விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. முடிந்ததும் இன்னொரு கேள்வி வந்தது.

“யக்கா, கம்பெனி ஃபைல் பூரா பென் டிரைவ்ல வந்துட்டு. இனிமே டி டிரைவுக்கு ஒரு வேலையும் இல்ல. அத அழிச்சிரவான்னு கேக்கு. யெஸ் குடுத்துருதேன், எடமாவது மிச்சமாவும்.”

“குடுங்கண்ணே” என்றாள் மகள்.

அண்ணாச்சி விரல் போகிறது. எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ தெரியவில்லை.

“கைய எடுங்க அண்ணாச்சி! உள்ள என்ன இருக்குன்னு நான் பாக்கணும்.”

“உள்ள என்னக்கா இருக்கப் போவுது? கம்பெனி ஃபைலுதான்.”

“இத்தன வருசம் தொடாத தொடாதன்னு சொன்ன சாமான். என்ன எழவுன்னு ஒரு தடவ பாத்துட்டு அழிக்கேன். தொறங்க.”

மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அண்ணாச்சி என் குணம் தெரிந்தவர், திறந்தார். வரிசையாக இங்கிலீஷில் பெயர் போட்ட ஃபோல்டர்கள். எல்லாவற்றுக்கும் கீழே, கடைசியாக, ஒரே எழுத்தில் ஒரு ஃபோல்டர்.

உ.

அண்ணாச்சி எழுந்து நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தார். வீட்டிலிருந்து நான் கட்டிக் கொடுக்கும் முறுக்கு டப்பாவைப் பட்டாள ஸ்டோரில் என் கணவர் எங்கே ஒளித்து வைப்பார் என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். யாரும் தொடக் கூடாத ரிசர்வ் சாமானுக்குப் பின்னால்! “அங்கனதான்ட்டி ஒருத்தனும் கை வைக்க மாட்டான்” என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். மறந்தே போனேனே, மூதி!

உள்ளே பன்னிரண்டு ஒலிப்பதிவுகள் இருந்தன. பேர் எதுவுமில்லை, ஒன்று இரண்டு என்று நம்பர்தான். முதலாவதை அண்ணாச்சி ஓடவிட்டார். தகரத்தில் மழை விழுகிற சத்தம். குக்கர் விசில். பிறகு ஒரு பொம்பளை கத்துகிறாள். துணி காயலியாம், மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கச் சொன்னால் பருத்திக்கொட்டை வாங்கி வந்தாராம், இந்த வீட்டில் மனுஷி இருப்பாளா என்கிறாள். நான்தான். அடுத்ததிலும் நான்தான். அதற்கடுத்ததிலும். ஒவ்வொரு லீவுக்கும் ஒன்று, என் கணவர் லேப்டாப்பை அடுப்பங்கரைப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அவர் குரலுக்காக இத்தனை வருஷம் ஏங்கினவள் கேட்டதெல்லாம் என் வாயைத்தான். நடுவில் எப்போதாவது ஒரு ‘ம்’ வருகிறது. சரியான கிறுக்கு மனுஷர், ஒரு பேச்சு நடுவில் பேசியிருக்கக் கூடாதா? எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

“கடைசி ஒண்ணு சின்னதா இருக்கும்மா” என்றாள் மகள். அவளே அமுக்கினாள்.

அதில் பாத்திரம் உருளும் சத்தம் தூரத்தில் கேட்டது, மூடிய கதவுக்குப் பின்னால். பக்கத்தில் அவர் குரல். எனக்குப் பயந்து தாழ்த்திப் பேசுகிறார்.

“ஏட்டி... கோவம் ஆறிட்டா? நீ ஏசுத சத்தம் இல்லாம அங்கன எனக்கு ஒறக்கம் வர மாட்டேங்கு. அதான் ஒவ்வொரு தடவையும் போன்ல ஏத்திட்டுப் போறேன், சொன்னா அதுக்கும் ஏசுவ. அடுத்த சாரலுக்கு கண்டிப்பா ஐந்தருவிதான், என்ன? ஆட்டோ வந்துட்டு. நீ வாசலுக்கு வர மாட்டேன்னு தெரியும், அதனால இதுல சொல்லிட்டுப் போறேன்.”

அவர் காத்திருக்கிறார். கதவுக்குப் பின்னால் நான் ஒரு சட்டியை ‘ணங்’ என்று வைக்கிறேன்.

“போயிட்டு வாரேன்ட்டி.”

அவ்வளவுதான். அண்ணாச்சி பழைய டிஸ்க்கைத் தொடாமல் ‘நோ’ என்பதை அமுக்கினார். மகள், எனக்கு வேறு டிஸ்க் வாங்கிக்கொள்கிறேன் என்றாள். நான் அந்தக் கடைசிப் பதிவை இன்னொரு தடவை போடச் சொன்னேன். அவர் சொல்லி முடிக்கும் வரைக்கும் வாயைத் திறக்காமல் கேட்டேன். பிறகு, அண்ணாச்சி இருக்கிறாரே என்றுகூடப் பார்க்காமல், சத்தமாகவே சொன்னேன்.

“போயிட்டு வாங்க.”